புதன், சனி

எங்கள் வீட்டில் செல்பேசி ஒன்று,
விரல்கள் முப்பது.
சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம்
சாக்கட்டியால் முறை எழுதியிருக்கிறது:
திங்கள், வியாழன் குரோவர்.
செவ்வாய், வெள்ளி நான்.
புதன், சனி லிம்பர்.
ஞாயிறு அம்மாவுக்கு. அவள் அதில்
அத்தையைத் தவிர யாரையும் தேடுவதில்லை.

எல் ஆல்ட்டோவின் வியாழச் சந்தையில்
கழற்றிய கார்க் கதவுகளுக்கும்
யாருடையதோ பல் செட்டுகளுக்கும் நடுவே வாங்கியது.
வலது மூலையில் விரிசல்.
மணி பார்க்கச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
இரண்டு பொலிவியானோ போட்டால் ஒரு நாள் ஓடும்;
நள்ளிரவில், யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே,
பாதிச் சொல்லில் நின்றுவிடும்.

வேதியியல் வீட்டுப்பாடம் வருவதோ புதன்கிழமை.
ஐந்து நிமிடம் கடன் கேட்பேன்.
"பத்தாகத் திருப்பித் தா" என்பான் லிம்பர்,
வட்டிக்காரன் மாதிரி.
கணக்கு மட்டும் வைத்துக்கொள்ள மாட்டான்.

வகுப்பில் டேலியாவிடம் தனக்கே தனக்கென்று ஒன்று,
முகத்தைக் காட்டினால் திறக்கிற ரகம்.
"மூணு பேருக்கு ஒண்ணா?
சீ, பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி" என்றாள்.
நானும் சேர்ந்து சிரித்தேன்.
அன்று மாலை திரையைச்
சட்டைக் கையால் மூன்று முறை துடைத்தேன்.

டேலியாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு.
அவளுடைய செல்பேசிக்கு அவளைத் தெரியும்.
எங்களுடையதற்கு நாங்கள் பிடிபடவே இல்லை.
திறந்ததும் ஒரு கோல்கீப்பர் பாய்கிறான், அது குரோவர்.
கண் மை எழுதும் கொரியப் பெண், நான்.
ஓடு பதிப்பது, சிமெண்ட் குழைப்பது, லிம்பர்.
அதன் கணக்கில் நாங்கள் ஒரே ஆள்:
மை தீட்டிக்கொண்டு பந்து தடுக்கிற கொத்தனார்.

மே மாதம் ஒரு செவ்வாய்
அந்த ஆள் நீந்தக் கற்கத் தொடங்கினான்.

நீரில் மிதக்க முதல் பாடம்.
முகத்தை முக்கினால் பயம் வராமலிருக்க.
இங்கே உயரம் நாலாயிரம் மீட்டர்.
மழைக்குத் தெருவில் தேங்கினால்
கணுக்கால் வரை தண்ணீர்.
குரோவரைக் கேட்டேன், உதட்டைப் பிதுக்கினான்.
வெள்ளியன்று அது கேட்காமலே காட்டியது:
அரிக்காவில் வாடகை அறை, சன்னல் இல்லை, மலிவு.

அரிக்கா, எல்லைக்கு அப்பால், சிலியில்.
அங்கே ஓடு பதிக்க ஆள் வேண்டும்.
அங்கே கடல் இருக்கிறது.

அவனிடம் கேட்கவில்லை.
அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.
தேடும் கட்டத்தில்
பிழையில்லாமல், மெதுவாக எழுதினேன்:
அரிக்காவில் ஜூலையில் குளிருமா?
வந்த பதிலைப் படிக்கவில்லை.
அழிக்காமல் சார்ஜரில் சொருகிவிட்டுப் படுத்தேன்.

அடுத்த செவ்வாய், தேடியவற்றின் வரிசையில்
என் கேள்விக்கு மேல் ஒன்று:
பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஏற்ற செல்பேசி, என்ன விலை?

அன்றிரவு எதிரெதிரே சூப் குடித்தோம்.
உப்பை என் பக்கம் நகர்த்தினான்.
அவ்வளவுதான் பேசிக்கொண்டது.

இப்போது ஞாயிறுகளில் அம்மா
அத்தையை முடித்துவிட்டு இன்னொரு எண்ணுக்குப் போகிறாள்.
இங்கிருந்தே கத்துகிறாள், தூரம் அதிகமாம்.
வருஷம் முழுக்க நான் ஆசைப்பட்ட இரண்டு நாள்
அலமாரிக் கதவில் அவன் பெயரிலேயே கிடக்கிறது.
சாக்கட்டி பக்கத்தில்தான் இருக்கிறது.
புதன்கிழமை எடுக்கிறேன், வீட்டுப்பாடம் எழுதிக்கொள்கிறேன்,
ஐந்து நிமிடத்தில் திரும்ப வைத்துவிடுகிறேன்.

நேற்று குரோவரின் முறை.
"இதுக்கென்ன, நாம கடலோரம் இருக்கோம்னு நினைப்பா?"
என்று கட்டைவிரலால் தள்ளப் போனான்.
கையைப் பிடித்துக்கொண்டேன்.
நீலக் குளத்தில் யாரோ ஒருவர்
மல்லாந்து, காது வரை நீரில்,
கைகளை விரித்து ஒன்றும் செய்யாமல் கிடந்தார்.
கடைசி நொடிவரை பார்த்தோம்.
முழுசாகப் பார்த்தால்தான்
அடுத்ததை அனுப்பும்.